லைசென்ஸ் அண்ணியுடையது

“ஒரு காரு நல்லதா கெட்டதான்னு எந்த சீட்ல குந்திப் பாத்தா தெரியும், செல்வி?”

அண்ணி ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். பொன்னேரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த புதிது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பத்தாவதின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, யார் என்ன கேட்டாலும் பதில் என் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அன்றும் கொடியில் கிளிப்பை மாட்டிவிட்டுச் சிரித்துவைத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பதில் கிடைத்தது. பின் சீட்டில், நடுவில். அங்கே உட்காரச் சொல்லப்படுகிறவளுக்குத்தான் கார் முழுதும் தெரியும். காரில் இருப்பவர்களும் முழுதாகத் தெரிவார்கள்.

அண்ணி காயத்ரி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறாள். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவு. மழைக்காலத்தோடு கம்பெனி வேன் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. ஆள் குறைவாம். கொஞ்ச நாள் ஸ்கூட்டியில் போய் வந்தாள். கவரைப்பேட்டை பாலத்தடியில் ஒரு கன்டெய்னர் லாரி உரசிப் போய், அண்ணி சேற்றில் விழுந்து முழங்கை பிய்ந்து வந்த அன்று, அம்மா ஸ்கூட்டி சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். பஸ் மாறிப் போனால் காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. மாசி பிறப்பதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்காகத்தான் கார். சின்ன கார், அண்ணியே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருவதற்கு. கம்பெனி சொசைட்டியில் கடன், அதுவும் அண்ணி பேரில். போன வாரம் நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே “சரி, எடுத்துடலாம்” என்றதும், அண்ணி குழம்புக் கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் அவர் தணிகாசலம்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரம்கூட ஆயுசு இருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே நைனா திருவள்ளூருக்குப் போன் போட்டார்.

“மாப்ள, நாளைக்கு வண்டி பாக்கப் போறோம். நீங்க வந்து பாத்து சொன்னாதான் எங்களுக்குத் திருப்தி.”

மாப்பிள்ளை என்பது என் அக்காவின் புருஷன் சரவணகுமார் மாமா. ஒரு காலத்தில் சிநேகிதனின் காரை இரண்டு வருஷம் இரவல் வாங்கி ஓட்டியவர். அந்தத் தகுதியில், உலகத்தில் ஓடும் அத்தனை வண்டிகளைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பவர்.

“நீங்க கவலயே படாதீங்க மாமா. நான் ஓட்டிப் பாத்தா வண்டியோட ஜாதகமே சொல்லிடுவேன்” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி கேட்டது.

தச்சூர் கூட்டு ரோட்டு ஷோரூமில் கல்யாணத்துக்குப் போவதுபோல் போய் இறங்கினோம். நைனா சலவை வேட்டியில். அம்மா பொங்கலுக்கு எடுத்த புடவையில். அண்ணி மட்டும் கம்பெனிக்குப் போட்டுப்போகும் அதே சுடிதார், தட்டைச் செருப்பு.

“ஓட்டிப் பாக்கணும் இல்ல? பொடவன்னா கால்ல மாட்டும்” என்று வீட்டிலேயே என் காதில் சொல்லியிருந்தாள்.

கார் செங்கல் நிறத்தில், வாசலில் தயாராக நின்றது. கழுத்தில் பட்டையாக டை கட்டிய ஜெபா என்ற சேல்ஸ்மேன் எங்களை வரவேற்றான். அண்ணி நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். உயரத்தை ஏற்றினாள். கிளட்சை அடிவரை மிதித்துப் பார்த்தாள். நடுக் கண்ணாடியை விரல் நுனியால் திருப்பித் தன் கண்ணுக்கு நேராக வைத்தாள். பிறகு கேட்டாள்:

“ஷிப்ட் விடற நேரத்துல சிப்காட் ரோட்டுல ஊந்து ஊந்துதான் போவணும். இந்த கிளட்ச் இவ்ளோதானா, இல்ல பழகப் பழக லேசாவுமா?”

ஜெபா மாமா பக்கம் திரும்பி, “கிளட்ச் வெண்ணெ சார்” என்றான்.

“பக்கத்துல லாரி வரசொல்ல இந்தக் கண்ணாடி ஓரத் தூண் மறைக்குதே. அந்தாண்ட இருக்கறது தெரியுமா?”

“ஆறு ஏர்பேக் சார்.” இதுவும் மாமாவிடம்.

“சப்வேல தண்ணி நின்னா அடி தட்டுமா?”

“ஸ்க்ரீனப் பாருங்க சார். பாட்டு போட்டுக் காட்டவா?”

மூன்று கேள்வியும் கேட்டவள் காருக்குள் இருந்தாள். மூன்று பதிலும் காருக்கு வெளியே, பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு நின்றவருக்குப் போயின. மாமாவும் ஒவ்வொரு பதிலுக்கும் தான் கேட்ட கேள்விபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

“தங்கச்சி, கொஞ்சம் எறங்குமா. நான் பாக்கறேன்.”

அண்ணி இறங்கினாள். மாமா ஏறி உட்கார்ந்ததும், “யாருப்பா சீட்ட இப்டி வச்சது? முட்டி இடிக்குது!” என்று கத்தி, அதைக் கடைசிவரைக்கும் பின்னால் தள்ளினார். யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாதா?

நைனா டிக்கியைத் திறக்கச் சொன்னார். “ரெண்டு மூட்ட நெல்லு போவுமாப்பா?”

“சார், இது கார் சார்.”

“காருன்னு தெரியும்யா. மூட்ட போவுமா போவாதா?”

அம்மா பின் கதவை மூடிப் பார்த்தாள். “பிஸ்கெட் டப்பா மூடறமாரி சத்தம் வருது” என்றாள். ஜெபா அதற்கு மட்டும் சிரித்தான்.

“சரி சார், டெஸ்ட் டிரைவ் போலாம். ஓட்டறவங்க லைசென்ஸ் மட்டும் இங்க குடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்து வாங்கிக்கலாம்.”

மாமா சட்டைப் பையைத் தட்டினார். பேண்ட் பையைத் தட்டினார். “அது… ஊட்ல கீது. வேற பேண்ட்ல.”

நைனாவிடம் இருந்தது டிராக்டர் ஓட்ட வாங்கியது. காலாவதியாகி வெகுகாலம். அண்ணன் மோகன்ராஜிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது லைசென்ஸ். அதை எடுத்து மேசைமேல் வைத்து, “நான் ஓட்டறேன்” என்றாள்.

“ஹைவேஸ்மா இது” என்றார் நைனா. “லாரியும் பஸ்ஸுமா வருது. மாப்ள ஓட்டட்டும். உன் லைசென்ஸ் இங்க இருக்கட்டும், ரூல்ஸுக்கு.”

“அது எப்டி மாமா? என் லைசென்ஸ்ல அவர் எப்டி…” என்றாள் அண்ணி நைனாவிடம்.

“அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்” என்றான் ஜெபா. “பேப்பர்ல நீங்க, ஸ்டேரிங்ல சார்!”

எல்லோரும் சிரித்தார்கள்.

பனி கொட்டும் காலைகளில் எழுந்து, வீட்டு வேலையை முடித்துவிட்டு, டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மற்றவர்களுக்கு முன்னால் திட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் முதல் தடவை எட்டு போடும்போது கம்பத்தை இடித்துத் தோற்று, மறுபடி போய்ப் போட்டு வாங்கியவள் அண்ணி. அந்த லைசென்ஸ் இப்போது மாமாவின் ஞாபக மறதிக்கு ஜாமீனாகப் போய் உட்கார்ந்தது. ஊர்க் கல்யாணத்துக்கு இரவல் நகை கேட்பவர்கள்கூடத் திருப்பித் தருகிற நாளைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள்.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துவிட்டு, “நைனா, திரும்பி வரசொல்ல அவ ஓட்டட்டுமே” என்றான்.

“ஆங், ஆங். வரசொல்ல ஓட்டட்டும்.”

அண்ணி படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ‘ஓட்டுபவர்: காயத்ரி.’

முன்னால் மாமாவும் ஜெபாவும். பின்னால் நாங்கள் நாலு பேர். அண்ணன் தன் பைக்கில். இடது ஜன்னலோரம் நைனா, அவருக்குப் பக்கத்தில் நான், அப்புறம் அம்மா, வலது ஓரம் அண்ணி. ஐந்து பேருக்கான கார் என்று எழுதியிருந்தது. அந்த ஐந்தாவது ஆள் கால் இல்லாதவராக இருக்க வேண்டும். நடுவில் தரை மேடாக இருந்தது. முழங்கால் மோவாயில் இடித்தது. ஏ.சி. காற்று முன்சீட்டோடு நின்றுவிட்டது. அம்மாவின் புடவை முந்தானை அண்ணியைத் தாண்டிக் கதவில் மாட்டி வெளியே பறந்துகொண்டு வந்ததை, பைக்கில் பின்னால் வந்த அண்ணன் கை காட்டிச் சொன்ன பிறகுதான் கவனித்தோம்.

மாமா சீட்டைத் தள்ளினாரே தவிர, கண்ணாடியைத் தொடவே இல்லை. அது அண்ணியின் கண்ணுக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அதில் மாமாவின் தாடை மட்டும் தெரிந்தது. அவருக்கு அதில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னால் வருவது எதுவும் தெரிந்திருக்காது.

“பிக்கப் பரவால்ல” என்றது தாடை. “ஆனா மூணு சிலிண்டர்தான். இன்ஜின் தொடதொடன்னு ஆடுது, பாருங்க. குடும்பத்துக்கு ஓக்கே. ஸ்டேரிங் பூ மாதிரி கீது. பொம்பளைங்க கையில குடுத்தா பேஜாரு, இழுத்த இழுப்புக்குப் போயிடும்.”

“ஸ்டேரிங் லேசா இருந்தா நல்லதுதானண்ணா?” என்றாள் அண்ணி. “எனக்கு லாரி ஆபீஸ் திருப்பத்துல தெனம் ரெண்டு வாட்டி ஒடிக்கணும்.”

“உனக்கு எதுக்குமா தெனம்?”

அண்ணி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“தெனம் வேலைக்குப் போவத்தானே வண்டி?” என்றாள் அண்ணி.

“அதில்ல தங்கச்சி. உங்க ஊட்டாண்ட நிறுத்த எடம் ஏது? சந்து முனையில உட்டா ஆடு ஏறும், பசங்க கோடு போடுவானுங்க. என் ஊட்ல ஷெட் கீது. அங்க நிக்கட்டும். உனக்கு எப்பனா வேணும்னா ஒரு போன் அடி, நான் கொண்டாந்து உடறேன்.”

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். திருவள்ளூர் அது ஒரு பக்கம். விடிவதற்கு முன்னால் ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் ஒரு போன் அடிக்க வேண்டுமாம். இவர் எழுந்து, பல் தேய்த்து, நாஷ்டா முடித்து, காரை எடுத்துக்கொண்டு வருவாராம்.

“மாமா, நீங்க சொல்லுங்க” என்று அண்ணி நைனா பக்கம் குனிந்தாள். அவள் கை அம்மாவின் மடியைத் தாண்டி என் முழங்காலில் பட்டது. சில்லென்றிருந்தது. “வண்டி எதுக்குன்னு நீங்க சொல்லுங்க.”

நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “மாப்ள சொல்றதும் ஒரு விதத்துல சரிதான். பெரியபாளையம் கோயிலுக்குப் போவ வர, நல்லது கெட்டதுக்கு… ஊட்டு வண்டின்னா எல்லாருக்கும்தான்.”

ஒரு வாரம். சரியாகச் சொன்னால் தச்சூரிலிருந்து பொன்னேரி வரைக்கும். அந்தத் தூரத்துக்குள் அண்ணியின் கார் வீட்டுக் காராகி, வீட்டுக் கார் திருவள்ளூர் ஷெட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டது. கடன் மட்டும் அண்ணி பேரிலேயே இருந்தது. அதை யாரும் எந்த ஷெட்டுக்கும் மாற்றவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். எதையோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். “ஜன்னல எறக்கு, குமட்டுது” என்றாள்.

டெஸ்ட் டிரைவ் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவதுதான் ஷோரூம் வழக்கம் என்று ஜெபா எவ்வளவோ சொன்னான். நைனா கேட்கவில்லை. நம்ம ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டி தெரியும் என்றார். ஊர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஊர் எல்லையிலேயே பூவம்மாள் பெரியம்மா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். “யாரு வண்டி தணிகாசலம்?”

“எங்க மாப்ள பாத்து எடுக்கறாரு!” என்று நைனா கையை வெளியே நீட்டிச் சொன்னார்.

தை அறுவடை. எங்கள் ஊர்த் தார் ரோடு இந்த மாதத்தில் பாதி ரோடு, பாதி களம். ஆளுக்கு ஒரு நீளம் பிடித்து நெல் பரப்பியிருப்பார்கள். வண்டி மேலே ஏறாமலிருக்க ஓரத்தில் கல், மரக்கிளை, உடைந்த நாற்காலி என்று கையில் கிடைப்பதை வைப்பார்கள். எங்கள் நெல்லுக்குக் காவலாக நைனா காலையில் வைத்துவிட்டு வந்தது, மிக்ஸி வாங்கின பிறகு கொல்லையில் கிடந்த அம்மாவின் ஆட்டுக்கல்.

எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தது.

“அண்ணா, நிறுத்துங்க. அவர் போவட்டும்” என்றாள் அண்ணி.

“இந்த கேப்புல லாரியே போவும்.”

மாமா இடது பக்கம் ஒடித்தார். சக்கரம் நெல்லின் விளிம்பில் ஏறியது. அவ்வளவுதான், நைனா என் காதுக்குள் அலறினார்.

“நெல்லு! நெல்லு! மிதிக்காதீங்க மாப்ள, லட்சுமி!”

மாமா பதறிப்போய் பிரேக்கை மறந்து ஸ்டேரிங்கை வலப்பக்கம் திருப்பினார். பூ மாதிரி ஸ்டேரிங். இழுத்த இழுப்புக்கு வந்தது. கர்ர்ரென்று ஒரு சத்தம், நைனா உட்கார்ந்திருந்த கதவில் தொடங்கி டிக்கி வரைக்கும் போனது. அம்மாவின் ஆட்டுக்கல் காரை அரைத்தெடுத்துவிட்டு, நகராமல் நின்றது.

“சார்! டெமோ வண்டி சார்!” என்று ஜெபா தலையில் கை வைத்தான்.

நைனா மறுபக்கமாக எங்கள்மேல் ஏறி இறங்கி, முதலில் நெல்லைப் பார்த்தார். “நெல்லு ஒண்ணும் ஆவல” என்றார் நிம்மதியாக. பிறகுதான் கதவைப் பார்த்தார். கதவு உள்வாங்கி, பெயின்ட் உரிந்து, வெள்ளித்தகடு தெரிந்தது.

அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்தவன் அவன்.

“இந்த கண்ணாடில ஒண்ணும் தெரியல” என்றார் மாமா. “வண்டியே சரியில்ல. சைடு ஜட்ஜ்மென்ட் கெடைக்கல.”

“நீங்க கண்ணாடிய சரி பண்ணவே இல்லியே” என்றாள் அண்ணி. சத்தம் போடவில்லை. “கொடுங்க, நான் ஓட்டிகினு வரேன். வரசொல்ல நான்னு பேச்சு.”

“இன்னும் எதனா ஆவறதுக்கா?” என்றார் நைனா. “பேசாம குந்துமா.”

இடித்தவர் ஓட்டினார். இடிக்காதவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். திரும்பும் வழி முழுக்க ஸ்க்ரீனில் ஏதோ பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை.

ஷோரூமில் மேனேஜர் தேசப்பன் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். நல்ல உயரம், மெதுவான பேச்சு. கீறலின் மேல் விரல் வைத்துக் கடைசிவரைக்கும் தடவினார். பிறகு உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தார்.

“லைசென்ஸ் யாரோடது?”

“மேடத்தோடது சார்” என்றான் ஜெபா. அவன் டை தோளுக்கு மேல் போயிருந்தது.

“அப்ப மேடம், ‘என் கவனக்குறைவால நடந்தது’ன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. இன்சூரன்ஸுக்கு அனுப்பணும். மிச்சம் அப்புறம் பேசிக்கலாம்.”

அண்ணி மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரில் இருந்த கார் படத்தைப் பார்த்தார். அண்ணி நைனாவைப் பார்த்தாள்.

“போட்டுடுமா” என்றார் நைனா தணிந்த குரலில். “மாப்ள லைசென்ஸ் இல்லாம ஓட்டினாருன்னு தெரிஞ்சா அவருக்குத்தான் அசிங்கம். ஊட்டு மாப்ள. நீ ஓட்டினதா இருக்கட்டும்.”

“நான் ஓட்டலியே மாமா.”

“புதுசா கத்துகினவ, கை தவறிடுச்சின்னா யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க” என்று மாமா படத்திடம் சொன்னார். “பொம்பளைங்க ஓட்டினா சகஜம்தான்.”

எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இந்தக் கையெழுத்து விழுந்தால் கதவை இடித்தவள் அண்ணி. கதவை இடித்தவளுக்கு எதற்குக் கார்? நாளைக்கு ஊரில் பூவம்மாள் பெரியம்மா கேட்பார்கள், நைனா சொல்வார்: ‘ஓட்டிப் பாத்தா, இடிச்சிட்டா, வேணாம்னு உட்டுட்டோம்.’ மாசி பிறக்கும். அண்ணி வீட்டில் இருப்பாள். அவள் வேலையைப் பிடுங்கியது யார் என்று கேட்டால், அவளே கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டுவார்கள்.

தொண்டைவரை வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை.

“சீட்டப் பாருங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

“இன்னாம்மா?” என்றார் தேசப்பன்.

“டிரைவர் சீட்டு. கடைசிவரைக்கும் பின்னால இருக்கு. அண்ணி குந்தினா கிளட்ச்சுக்குக் கால் எட்டாது. அண்ணி ஓட்டல. ஓட்டினது மாமா.”

“ஏய்!” என்றார் நைனா. “பெரியவங்க பேசசொல்ல உனக்கின்னா வாயி?”

“மூணு வருசமா பேசாதவ, பேசினா பாரு பேச்சு” என்றார் மாமா. முகம் சிவந்திருந்தது.

அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

தேசப்பன் எழுந்து கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அண்ணியின் உயரத்தைப் பார்த்தார். மாமாவின் காலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அவர் மறுபடி உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றி அண்ணியின் பக்கம் நகர்த்தினார்.

“யார் ஓட்டினாங்கன்றது உங்க குடும்ப விஷயம்மா. எனக்கு லைசென்ஸ் யாரோடதோ அவங்க கையெழுத்து வேணும்.”

உண்மை அங்கே மேசைமேலேயே கிடந்தது. எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஒரு பொய்யை மறைக்கக் கஷ்டப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மை தெரிந்த பிறகும் முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளாமல் அதே காகிதத்தை நீட்டுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணி பேனாவைத் தொடவில்லை. அவள் இப்போது ஒரே ஒருவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவோரம், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பைக்கில் பின்னாலேயே வந்தவன். டிராக்டரைப் பார்த்தவன், ஒடித்ததைப் பார்த்தவன், நைனா கத்தியதைக் கேட்டவன். வரும்போது அவள் ஓட்டட்டும் என்று சொன்னவனும் அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அண்ணியின் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கே படிக்க முடிந்தது.

அண்ணன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான். கீழே இறக்கினான்.

“ஒரு கையெழுத்துதான காயத்ரி” என்றான். “போட்டுடேன். ஊட்டுக்குப் போலாம்.”

அண்ணி அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வாங்கலாம் என்று நினைத்திருந்த ஒன்றை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பிறகு கையை நீட்டி, மேசைமேல் தட்டில் கிடந்த தன் லைசென்ஸை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையின்மேல் இருந்த விரல் ரேகையைச் சுடிதார் ஓரத்தில் துடைத்தாள். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“மேடம், கையெழுத்து…” என்றான் ஜெபா.

“காயத்ரி, எங்க போற?” என்றான் அண்ணன்.

“வெய்யில்ல எங்கமா?” என்று அம்மா எழுந்தாள்.

அண்ணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். செங்கல் நிறக் காரின் பக்கத்தில் ஒரு கணம் நின்று, கீறல் இருந்த கதவைப் பார்க்காமல் கடந்து, சர்வீஸ் ரோட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பொன்னேரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறவில்லை. அவளுடைய அம்மா வீடு திருவாலங்காட்டில். அந்தப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோக்காரன் கை காட்டிக் கூப்பிட்டான். அவனையும் தாண்டிப் போனாள்.

லாரிகளுக்கு நடுவே வந்து நின்ற, அவள் கம்பெனிப் பக்கம் போகும் கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் முன்படி வழியாக ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு இன்று ஷிப்ட் கிடையாது. டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில், ரோடு முழுதும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.